மூன்றாவது ஆள்

லண்டனில் இருக்கும் மச்சான், அதாவது மனைவியின் தமையன், ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில் எனக்கு ஒரு ரிமோட் ஹெலிகொப்டர் கொடுத்துவிட்டிருந்தார். எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் நாங்கள் இருவர்தான். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்க வீட்டில் ஒரு ஆள் போதும், அவள் கேட்டாள்.

ஒரு மணிநேரம் சார்ஜ் பண்ணினால் ஏழு நிமிடம் பறக்கும். முதல் நாள் ஹோலில் வைத்து விசையைத் தள்ளினேன். எழும்பவில்லை, தரையிலேயே பம்பரமாகச் சுற்றியது. இறக்கைகளைத் தலைகீழாகப் பூட்டியிருந்தேன். கழற்றி மாட்டினேன். இரண்டாம் முறை எழும்பி, நேரே போய் மனைவியின் புட்டுப் பானைக்குள் விழுந்தது. ரிமோட்டில் ட்ரிம் என்று ஒரு சின்னக் கட்டை இருக்கிறது. மூக்கு ஒரு பக்கம் இழுத்தால் அதை மறுபக்கம் தட்டவேண்டும். மூன்று நாள் தட்டினேன். பிறகு அது கதிரைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் அசையாமல் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இனித் திறந்த வெளியில் விடவேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. வெள்ளவத்தையில் திறந்த வெளி என்றால் தண்டவாளத்துக்கு அப்பால் கடற்கரைதான். அங்கே ஆமிக் காவலரண் இருக்கிறது. சண்டைக் காலத்தில் ஒரு தமிழன் அன்டெனாவை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றால் என்ன ஆகும் என்று அவளும் நானும் பேசவே தேவையிருக்கவில்லை.

அவள்தான் வழி சொன்னாள். "இஞ்சருங்கோ, இதைப் பொலிஸிலை பதிஞ்சுபோட்டு விடுங்கோ. எங்கட சனத்துக்குக் கடதாசி இருந்தால் காணும்."

பகிடி என்று நினைத்தேன். அவள் பகிடி விடவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்து ஒரு இரவு தங்கினாலும் பொலிஸில் பதிந்து பதிந்து அவளுக்கு அது பழகிவிட்டது.

மறுநாள் பெட்டியோடு போனேன். மேசையில் இருந்த சார்ஜன்ட் கொஞ்ச நேரம் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முற்றத்தில் பறக்கவிட்டுக் காட்டச் சொன்னார். விட்டேன், நன்றாகவே நின்றது. தானும் ஒருக்கால் பிடித்துப் பார்க்கவேண்டும் என்றார். ஜீப்பின் கூரையில் இரண்டு தரம் முட்டவைத்தார். சார்ஜ் முடியும் வரை ரிமோட்டைத் திருப்பித் தரவில்லை.

பிரச்சினை என்னவென்றால் ஹெலிகொப்டருக்கு என்று அங்கே படிவம் இல்லை. இருந்தது வீட்டில் தங்கியிருப்போரின் படிவம்தான். சார்ஜன்ட் யோசித்துவிட்டு எங்கள் இருவரின் பெயருக்குக் கீழே மூன்றாவதாகச் சிங்களத்தில் எழுதினார். பெயர், ஹெலிகொப்டர். வந்த இடம், லண்டன். தங்கும் காலம், ஒரு மாதம். முத்திரையும் குத்தித் தந்தார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே கடற்கரைக்குப் போனோம். காவலரணில் நின்றவன் கடதாசியை வாசித்துச் சிரித்தான், விடு என்று கைகாட்டினான். விட்டேன். தென்னை உயரம் போனது. அதற்கு மேலும் போனது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் கத்தியதில்லை. விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் என்பது இந்தக் கடலோடு பதினைந்து வருடம் இருந்த எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ட்ரிம்மைத் தட்டினேன், விசையை இழுத்தேன், திரும்பி வா என்று கெஞ்சினேன். அது மேற்கே போய்ப் புள்ளியாகி மறைந்தது. மனைவி மணலில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த கிழமை எங்கள் ஒழுங்கையில் பொலிஸ் வீடு வீடாகச் சோதனை போட்டது. வாசலுக்கு வந்தவன் இளம் பொலிஸ்காரன், சார்ஜன்டைத் தெரியாதவன். படிவத்தில் மூன்று பேர், வீட்டில் இரண்டு பேர். மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டுக்கொண்டே பெயரை வாசித்தான். இன்னொரு தரம் வாசித்தான். அவன் முகம் இறுகிவிட்டது. எனக்குச் சிங்களம் முழுக்க மறந்துபோனது.

மனைவி சிங்களத்தில் நிதானமாகச் சொன்னாள், அது விளையாட்டுச் சாமான், கடலுக்கு மேலால் வெளிநாடு போய்விட்டது என்று. வெற்றுப் பெட்டியையும் கொண்டுவந்து காட்டினாள். அவன் பெட்டியிலிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தான். பாஸ்போட் இல்லாமலா என்று கேட்டான். ஓம், விசாவும் இல்லாமல்தான் என்றாள்.

மூன்றாவது பெயரை வெட்டிவிட்டுப் படிவத்தை என்னிடம் நீட்டினான். குடுத்துவைத்த சாமான் என்று தன் பாஷையில் மெல்லச் சொன்னான். நாங்கள் இருவரும் ஓம் என்றோம்.