தங்கூசி இழுத்த கனகலிங்கம்

தபோதரனுக்குக் கனகலிங்கத்தாரோடு எட்டு வருடமாக ஒரு வழக்கு இருந்தது. பொலிசுக்கோ கோட்டுக்கோ போகிற வழக்கில்லை, வேட்டி வழக்கு. முந்நூறு பேர் இருந்து பார்த்த படத்தில் ஒரு மனிதனின் வேட்டியை இடுப்பிலிருந்து பிடுங்கி ஆகாயத்தில் பறக்கவிட்டுவிட்டு, கேட்கிற நேரமெல்லாம் "தங்கூசி நூல் சிக்கிப்போச்சு தம்பி" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அந்தப் படத்துக்குப் பிறகு பேர்லினில் தபோதரன் என்ற பெயர் கடதாசிகளில் மட்டும்தான் இருந்தது. சனத்துக்கு அவர் 'பறந்த வேட்டி'. நொய்கெல்ன் முருகன் கோயில் தேருக்குப் போனால், "அண்ணை, இண்டைக்குக் காத்துக் கடுமை, பாத்து" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். கலியாண வீட்டில் பந்தியில் இருந்தால் பக்கத்து மேசைப் பெடியள் அவருடைய இடுப்பைப் பார்ப்பார்கள், பிறகு கூரையைப் பார்ப்பார்கள். அவர் வேட்டியையே விட்டுவிட்டார். கோயிலுக்கும் காற்சட்டைதான்.

கனகலிங்கத்தார் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் இந்த வழக்கு விளங்காது.

அவர் எண்பத்தைந்தாம் ஆண்டு வந்தவர். கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து சேர்ந்த கூட்டத்தில் ஒருவர். வந்த புதிதில் மதுச்சாலைகளில் ரோசாப்பூ விற்றார். பிறகு உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு இருபத்திரண்டு வருடம் ஒரு சின்ன நாடக அரங்கில் துப்புரவு வேலை. நெற்றியில் மூன்று குறி விபூதி, மரக்கறிச் சாப்பாடு, ஆனால் வாய்க்கு மட்டும் வேலி கிடையாது. அரங்கைக் கூட்டித் துடைத்துக்கொண்டே, மேடைக்குப் பின்னால் நின்று சாமான்களை நூலில் ஆட்டுகிற ஜெர்மன்காரனைப் பார்த்துப் பார்த்து அந்த வேலையையும் பிடித்துக்கொண்டார். மீன்பிடிக்கிற தங்கூசி நூல் வெளிச்சத்தில் மினுங்கும். அதற்குக் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் பூசிப் பழைய காலுறையால் ஒருதரம் துடைத்துவிட்டால், எந்தக் கமராவுக்கும் தெரியாது. தமிழ்ச் சங்கத்துக் கலைவிழாவில் அனுமாரைப் பறக்கவிட்டவர் அவர்தான். அனுமார் போய்ச் சுவரில் முட்டினது வேறு கதை.

ஆகவே இரண்டாயிரத்துப் பதினைந்தில் தபோதரனின் மகள் மிதுசா படம் எடுக்க வெளிக்கிட்டபோது, முதலில் போய் நின்றது கனகலிங்கத்தார் வீட்டு வாசலில்.

மிதுசாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. வங்கியில் கிடைத்த அவுஸ்பில்டுங்கை, இரண்டு வருடம் பழகின தொழிற்பயிற்சியை, இடையில் விட்டுவிட்டுப் படக்கல்லூரிக்குப் போய்விட்டாள். தபோதரன் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். உணவகக் குசினியில் இருபத்தைந்து வருடம் வெங்காயம் வெட்டின கை. மகள் வங்கி மேசையில் இருந்து வேலை செய்யப்போகிறாள் என்று கோயில் முழுக்கச் சொல்லித் திரிந்தவர். விலகல் கடிதத்தைக் கண்ட அன்று, "இனி உன்னோடை எனக்குக் கதை இல்லை" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். பதினொரு மாதம் ஒரே வீட்டில், ஒரே மேசையில், இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சொல் இல்லை. எல்லாம் மனைவி சுபானி வழியாகத்தான்.

"அவளை மீன்குழம்பை மூடச் சொல்லு."

"பிள்ளை, குழம்பை மூடட்டாம்."

"மூடித்தான் கிடக்குதெண்டு சொல்லுங்கோ அம்மா."

"மூடித்தான் கிடக்குதாம்."

"கேட்டது. எனக்கென்ன காது செவிடே?"

படம் முடிந்ததும் ஹம்பேர்க்கில் வேலை தேடிக்கொண்டு போய்விடுவேன், வீட்டுத் திறப்பையும் தந்துவிட்டுத்தான் போவேன் என்று மகள் தாயிடம் சொன்னாள். தாய் அதையும் கொண்டுவந்து சொன்னாள். "ஆணியிலை கொழுவிப்போட்டுப் போகச் சொல்லு" என்றார் தபோதரன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் சும்மா நின்றார்.

படமும் கொஞ்சம் அப்படி இப்படியான படம். பார்வையாலேயே சாமான்களை நகர்த்துகிற ஒரு பல்கலைக்கழக மாணவன். அவனுக்கு ஒரு பெண் மேல் ஆசை. அவளைக் கண்டு வெட்கம் வந்தால் சக்தி தறிகெட்டுப் போய்விடும். பேராசிரியரின் காற்சட்டை இறங்கும். பெரிய மனிதர் ஒருவரின் பொய்த்தலைமயிர் எழும்பிப் போய் விளக்கில் குந்தும். அடுக்குமாடியில் காயப்போட்ட உள்ளாடைகள் வரிசைகட்டிப் பறந்துபோய் அவளுடைய யன்னலைத் தட்டும். மாணவனாக நடித்தவன் விஷால். இருபத்துநான்கு வயதிலும் அவனுக்கு மீசையை ஒட்டத்தான் வேண்டியிருந்தது.

உள்ளாடைக் காட்சிக்குக் கனகலிங்கத்தார் மூன்றாம் மாடிப் பலகணியில் குந்தியிருந்து நூல் இழுத்தார். "கறுப்பு முன்னாலை போகட்டும். சிவப்பு கொஞ்சம் வெக்கப்பட்டு வரட்டும். அந்தப் பெரியது ஏன் அவசரப்படுது?" என்று ஒவ்வொன்றுக்கும் நடிப்புச் சொல்லிக்கொடுத்தார். எதிர்வீட்டு ஜெர்மன் கிழவி யன்னலைத் திறந்து, ஐயோ உங்கள் உடுப்பெல்லாம் பறக்கிறதே என்று பதறினாள். "ஓம் அம்மா, இப்பிடி விட்டாத்தான் கெதியிலை காயும்" என்று அவளுடைய மொழியிலேயே சொல்லிவிட்டு விபூதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிக் காட்சி கலியாண மண்டபத்தில். பெண்ணின் தகப்பனுடைய சால்வை தோளிலிருந்து பறக்கவேண்டும், அந்த மனிதர் ஆத்திரம் வந்து "நிப்பாட்டடா!" என்று மண்டபம் அதிரக் கத்தவேண்டும். சங்கத் தலைவர் ஜெயகாந்த் அந்த வேடத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்புக்கு இரண்டு நாளுக்கு முன்னர்தான் கதையை முழுதாக வாசித்தார். உள்ளாடையைக்கூடப் பொறுத்திருப்பார். பொய்த்தலைமயிர் வந்த பக்கத்தோடு, தன்னுடையதைத் தடவிப் பார்த்துக்கொண்டு, விலகிவிட்டார்.

கனகலிங்கத்தார் நேரே தபோதரனின் குசினிப் பின்வாசலுக்கு வந்தார்.

"தபோ, ஒரு கோவக்கார அப்பன் வேணும்."

"அதுக்கு?"

"பேர்லினிலை உன்னை விட்டா ஆர் இருக்கினம்?"

"அந்தக் கூத்துக்கு நான் வாறதோ? போங்கோ அண்ணை, வேலை கிடக்கு."

"நீ வராட்டிக் காட்சி இல்லை. காட்சி இல்லாட்டிப் படம் இல்லை. வங்கியும் இல்லாமல் படமும் இல்லாமல் பிள்ளை வெறுங்கையோடை ஹம்பேர்க் போகும். உனக்கு அது சந்தோசமெண்டாச் சொல்லு, நான் போறன்."

தபோதரன் கத்தியைக் கீழே வைத்தார்.

"வேட்டி ஆர் தாறது?"

வேட்டியைச் சுபானி வாங்கி வந்தாள், இடுப்பில் ஒட்டுப்பட்டி வைத்துத் தைத்தது. பத்தொன்பது வயதில் நாட்டைவிட்டு வந்த தபோதரனுக்கு வேட்டி கட்டத் தெரியாது. இங்கே பாதி ஆம்பிளைகளின் நிலைமை அதுதான். சுற்றி ஒட்டிவிட்டு, பயத்துக்கு மேலே ஒரு தோல் பெல்ட்டையும் இறுக்கிக்கொள்வார்கள். மண்டபத்தில் கனகலிங்கத்தார் அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"பெல்ட்டைக் கழட்டு தம்பி. கமராவிலை தொந்தி தள்ளிக்கொண்டு தெரியுது."

கழற்றினார். கனகலிங்கத்தார் முதுகுப் பக்கம் நின்று வெகுநேரம் நூல் கட்டினார். கட்டிவிட்டுத் தொங்கும் மேசைவிரிப்புக்குள்ளே புகுந்துகொண்டார்.

நாலு மணிக்கு உண்மையான கலியாணக்காரர் மண்டபம் சோடிக்க வந்துவிடுவார்கள். ஒரு மணிக்குத் தொடங்கினார்கள். சால்வை அழகாகப் பறந்தது. தபோதரன் விறகுக்கட்டை மாதிரி நின்று, கடையில் பாண் கேட்கிற குரலில், "நிப்பாட்டடா" என்றார். திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் பாண் கேட்டார். வீட்டிலும் குசினியிலும் நாள்முழுக்கக் கத்துகிற தொண்டை, அந்தக் கறுப்புக் கண்ணாடி தன்னைப் பார்க்கிறது என்றதும் அடைத்துக்கொண்டது.

கமராவுக்குப் பின்னால் நின்ற மகளும் அவரோடு கதைக்கமாட்டாள்.

"அம்மா, அப்பாவைக் கொஞ்சம் கோவப்படச் சொல்லுங்கோ."

சுபானி மண்டபத்தின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்கு நடந்தாள். "உங்களைக் கோவப்படட்டாம்."

"கோவம் வருகுதில்லையெண்டு சொல்லு."

திரும்பி நடந்தாள். "வருகுதில்லையாம்."

"வீட்டிலை வாறது இஞ்சை எங்கை போச்செண்டு கேளுங்கோ."

மறுபடி நடந்தாள். "வீட்டிலை வாறது..."

"கேட்டது!"

"அந்தக் குரல்தான் அப்பா வேணும்" என்று சொல்ல வாயெடுத்த மிதுசா, நினைவு வந்து, தாயின் பக்கம் திரும்பி, "அந்தக் குரல்தான் வேணுமெண்டு சொல்லுங்கோ" என்றாள். கலியாணச் சனமாக இருந்த பெடியள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

பதினாலு தரம் எடுத்தார்கள். மூன்றரை மணியாகிவிட்டது. மகள் முகத்தைத் திருப்பிச் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்ததைத் தபோதரன் கண்டார். கண்டும் தொண்டை திறக்கவில்லை.

"அம்மா, காணுமெண்டு சொல்லுங்கோ. இந்தக் காட்சி வேண்டாம். படமும் வேண்டாம்."

சுபானி நடக்க வெளிக்கிட்டாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "சுபானி, நீ நடந்தது காணும், இரு. பிள்ளை, கடைசியா ஒருக்கா ஓடவிடு."

பதினைந்தாம் தரம் சால்வை அசையவில்லை. தபோதரனின் இடுப்பில் 'சரக்' என்று ஒரு சத்தம். குளிர் காற்று. வெள்ளை வேட்டி பாய் விரித்த மாதிரி எழும்பி, இரண்டு வரிசைக் கதிரைகளைத் தாண்டிப் போய், மணவறைக் கொடியில் தொங்கியது. மண்டப நடுவில், கரட் படம் போட்ட அரைக்காற்சட்டையோடு தபோதரன்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது விஷாலைப் பார்க்கவில்லை, சுபானியையும் பார்க்கவில்லை. நேரே கமராவுக்குப் பின்னால் பார்த்து, யன்னல் கண்ணாடி அதிரக் கத்தினார்.

"மிது! நிப்பாட்டு பிள்ளை! எடி மிது!"

"நிப்பாட்டமாட்டன் அப்பா! அப்பிடியே ஓடுங்கோ! ஓடுங்கோ அப்பா!"

அவர் ஓடினார். இரண்டு சுற்று ஓடினார். ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதுதான், பதினொரு மாதத்துக்குப் பிறகு சொற்கள் சுபானியைக் கேட்காமல் நேரே வந்தும் போயும் விட்டன என்பது இருவருக்கும் உறைத்தது. மிதுசா மேசைவிரிப்பை உருவிக்கொண்டு வந்து அவருடைய இடுப்பில் சுற்றினாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் வடிந்தது.

"கரட்டே அப்பா?"

"கொம்மா வாங்கித் தந்தது."

விரிப்பில்லாத மேசைக்கடியில் கனகலிங்கத்தார் நூலைச் சுருட்டிக்கொண்டு, "சிக்கிப்போச்சு தம்பி" என்றார்.

மிதுசா ஹம்பேர்க் போனாள்தான். திறப்பைக் கொண்டுதான் போனாள். இன்றைக்கும் மாதம் இரண்டு தரம் அதே திறப்பால் கதவைத் திறந்துகொண்டு வந்து, சப்பாத்தைக் கழற்ற முன்னரே குழம்புச் சட்டியைத் திறக்கிறாள். அந்தத் திறப்புச் சத்தத்துக்காகத் தபோதரன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இருப்பார். யாருடைய தயவால் அந்தச் சத்தம் வருகிறது என்பது அவருக்குத் தெரியாததில்லை. சிக்கின நூலுக்கு நன்றி சொல்வதா, இழுத்த கைக்குச் சொல்வதா என்று தெரியாமல் எட்டு வருடம் கோபத்தையே காட்டிக்கொண்டிருந்தார்.

போன வருடம் இலையுதிர்காலத்தில் கனகலிங்கத்தார் வைத்தியசாலையில் படுத்தார். எழும்புகிற படுக்கையில்லை என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு வேலைநேரத்துக்கும் இடையில் பின்னேரங்களில் தபோதரன் பஸ் ஏறிக் கஞ்சி கொண்டுபோவார். ஒரு நாள் கேட்டார்.

"அண்ணை, இண்டைக்கெண்டாலும் உண்மையைச் சொல்லுங்கோ. சிக்கினதோ, இழுத்ததோ?"

கனகலிங்கத்தார் மூக்குக் குழாயைச் சரிப்படுத்தினார். "பெல்ட்டை ஏன்ரா கழட்டச் சொன்னனான்?"

தபோதரன் கரண்டியைக் கஞ்சிக்குள் திரும்ப வைத்தார். எட்டு வருடமாக அந்த பெல்ட் அவருடைய மண்டைக்குள் வரவேயில்லை.

"கட்டேக்கையே ரெண்டு தங்கூசி கட்டினனான். ஒண்டு சால்வைக்கு. மற்றது தேவைப்பட்டாலெண்டு. பதினாலு தரம் பொறுத்தன்."

"அதை எட்டு வருசமாச் சொல்லாமல்..."

"சொன்னா நீ வேட்டியை விட்டிட்டு என்னைப் பிடிச்சிருப்பாய்." சிரித்தார், சிரிப்பு இருமலாகியது. அடங்கியதும் மெதுவாகச் சொன்னார். "சுபானி உங்கையும் இஞ்சையும் நடந்தது எனக்குப் பாக்க ஏலாமல் கிடந்தது. என்ரை மனுசி புஸ்பவதியும் அப்பிடித்தான். மகன் இளங்கீரன் தன்ரை விருப்பத்துக்குக் கலியாணம் கட்டினானெண்டு ஒன்பது வருசம் அவனோடை நான் கதைக்கேல்லை. அவன் பிராங்பேர்ட்டிலை, நான் இஞ்சை. நடுவிலை அவள் போனும் கையுமா நிண்டாள். அவள் செத்தாப்பிறகு நடக்க ஆளில்லை. என்ரை வேட்டியை ஆரும் இழுக்கேல்லை தபோ. உன்ரை இழுத்த கிழமைதான் நானே போன் எடுத்தனான்."

தபோதரனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. "கஞ்சி ஆறுது, குடியுங்கோ" என்றார். நாலு கரண்டி ஊட்டினார். வாயைத் துடைத்துவிடுகிறபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு, "பெரிய உபகாரம் அண்ணை" என்றார்.

"உபகாரமெண்டா எனக்கொரு வேலை செய்."

"சொல்லுங்கோ."

"புஸ்பவதியின்ரை செத்தவீடு நினைவிருக்கே? சுடலையிலை மண்டபம் அரைமணித்தியாலம்தான் தருவாங்கள். ஜெயகாந்த் இரங்கலுரைக்கெண்டு எழும்பி இருபத்தெட்டு நிமிசம் சங்க வரலாறு சொன்னவன். இளங்கீரன் தாயைப் பற்றி எழுதின கடதாசியைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டு, வாசிக்காமலே போனவன். என்ரை செத்தவீட்டிலை அவன் பேசவேணும். அவன் தமிழிலை ஒரு வசனம் தொடங்கவே நாலு நிமிசம் செல்லும், அவனுக்கு நேரம் வேணும். என்ரை அலுமாரியிலை கீழ்த்தட்டு, பிஸ்கட் ரின்னுக்குள்ளை தங்கூசி கிடக்கு. ஒலிவாங்கியின்ரை கம்பியிலை கட்டிப்போட்டு நீ முன்வரிசையிலை இரு. ஜெயகாந்துக்கு ஐஞ்சு நிமிசம் விடு, பாவம். அதுக்கு மேலை போனா இழு. பொலிஷ் பூச மறந்திடாதை."