வெள்ளிக்கிழமை வகுப்பு

‘வெள்ளி: வகுப்புக்குப் போகவில்லை’ என்று என் டைரியில் இருக்கிறது. எனக்கு முப்பத்துநான்கு வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. கடைசிக் கட்டத்தில் என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்பே யோசித்துச் சொல்லிவைக்க, என்னைப் போன்ற இளம்பெண்களுக்குப் பெங்களூரு மருத்துவமனையில் வகுப்பு நடத்துகிறார்கள்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாவுப் பேச்சு எதுக்கு?” என்றார் கணவர். நானும் போகவில்லை.

அடுத்த புதன் மூச்சுத்திணறி நினைவு தப்பியது. நடந்ததைப் பிறகு கேட்டு எழுதிக்கொண்டேன். செயற்கைச் சுவாசக் குழாய் வைக்கலாமா என்று டாக்டர் கேட்டதும், “வைங்க சார்” என்றிருக்கிறார் கணவர்.

“அக்காவுக்கு என்ன வேணும்னு எப்பவாச்சும் கேட்டீங்களா மாமா?” என்றாளாம் தங்கை.

பிழைத்தேன். இப்போது வெள்ளிதோறும் கணவரோடு வகுப்புக்குப் போகிறேன். இனிமேல் குழாய் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

அந்தப் புதன்கிழமையே, அரைநினைவில் நான் கையசைத்துக் குழாயை மறுத்ததாகத் தங்கை சொல்கிறாள். அவர் இல்லை என்கிறார். எது உண்மை என்று இதுவரை உறுதியாகவில்லை.