முப்பத்தேழாம் பில்லை

போன வாரம் முழங்கால் வலிக்காகத் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நுழைந்ததும் ஒரு மெஷின் நிற்கிறது. பொத்தானை அமுக்கினால் நாக்கை நீட்டுவதுபோல் ஒரு சீட்டை நீட்டுகிறது. என் எண் நூற்றுப் பதினாலு. பக்கத்து நாற்காலிகளில் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம். மொட்டைத் தலைகளில் சந்தனம் இன்னும் காயவில்லை. அந்த வீட்டு அம்மாள் என் சீட்டை எட்டிப் பார்த்து, "மீ நம்பரு எந்தண்டி?" என்று கேட்டாள். சொன்னேன். தனக்கு இன்னும் ஆறு பேர் தள்ளி என்று பெருமூச்சு விட்டாள். நான் அந்தச் சீட்டை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். கையில் கனமே இல்லை. எங்கள் நைனாவின் டோக்கன் இப்படி இருக்காது.

நைனா, எங்கள் அப்பா, சித்தூரில் டாக்டர். மார்க்கெட் தெருவில் ஒரு அறை, அதற்கு முன்னால் ஓடு போட்ட கொட்டகை, கொட்டகையில் நாலு பெஞ்சு. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. அறுபதுகளில் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பால் பவுடர் பெரிய பெரிய தகர டின்களில் வரும். காலி டின்களை வாங்கி, வட்டம் வட்டமாக வெட்டி, ஆணியால் எண் குத்தி, நூறு பில்லைகள் செய்து வைத்திருந்தார். வெட்டிக் கொடுத்தவர் ஓரத்தைச் சரியாகத் தேய்க்கவில்லை. முதல் வாரத்தில் பில்லை வாங்கிய நாலு பேருக்கு விரல் கிழிந்து, வந்த வியாதியோடு அதற்கும் சேர்த்து டிஞ்சர் போட்டோம்.

ஒன்றாம் நம்பருக்காக விடியும் முன்பே குடிபாலாவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். நைனா உள்ளே இருந்தே குரல் கொடுப்பார், இரண்டு பாஷையிலும். "பதினாறு. பதஹாரு." யார் வந்தாலும் சட்டம் ஒன்றுதான். "முன்னாடி வந்தவங்க முன்னாடி. முந்து வச்சினவாள்ளு முந்து." ஒரு பெரிய அதிகாரியின் மனைவி ஜீப்பில் வந்து இறங்கி நேராக உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்து ஐம்பத்தொன்றை வாங்கிக்கொண்டு, புளி விற்கிற ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் இருவரும் மருமகள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ரத்தம், வலிப்பு, மூச்சுத் திணறல், தேள்கடி. இந்த நாலுக்கு மட்டும் பில்லை கிடையாது, நேரே உள்ளே அனுப்பவேண்டும். யாருக்குப் பில்லை, யாருக்கு இல்லை என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வேலூரில் கம்பவுண்டர் படிப்பு முடித்து வந்து மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வயது இருபத்திமூன்று. அந்த ஜன்னலில் ஓம வாட்டர் வாசனையும் பெப்பர்மிண்ட் வாசனையும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் யாராவது பெப்பர்மிண்ட் மிட்டாய் மென்றால் என் கை தானாகக் கத்திரிக்கோலைத் தேடும். மிக்சர் பாட்டிலின் பக்கத்தில் காகிதப் பட்டை ஒட்டுவோம் இல்லையா, எத்தனை வேளையோ அத்தனை பல் வெட்டி? அது எனக்கு லேசில் வரவில்லை. ஆறு வேளை மருந்துக்கு ஒன்பது பல் வெட்டி, மூன்று நாள் கழித்து அந்த ஆள் பாட்டிலோடு வந்து, "இன்னாமா, ஒம்போது தபா குடிச்சேன், வயிறு இன்னும் உப்பிகினேதான் கீது" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பு அடங்கவில்லை. "காகிதம் வெட்டத் தெரியாதவளை எவன்டி கட்டிக்குவான்?" என்றாள். அம்மா மிஷன் பெண்கள் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். வீடு ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் ஒரு மணிக்கு நைனா வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மாவும் பள்ளியிலிருந்து வருவாள். இருவரும் சேர்ந்து சாப்பிடாத நாள் எனக்கு நினைவில்லை. அவள் நோட்டு திருத்தும்போது அவர் பேப்பர் வாசித்துக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடக்கும்போது குடையை அவர்தான் பிடிப்பார், முக்கால் குடை அவள் பக்கம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சபையார் வரிசையாக நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். "ஆண்டவர் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், உங்க நைனாவை உட மாட்டேங்கறாங்க" என்று அம்மா முணுமுணுப்பாள். ஆனால் குடையைத் தான் வாங்கிக்கொண்டு காத்து நிற்பாள்.

குடும்பத்துக்கும் அதே சட்டம்தான். என் தம்பி காதுவலியோடு இருபத்திரண்டாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறான். ஒருமுறை என்னோடு படித்த சிநேகிதியைப் பில்லை இல்லாமல் உள்ளே அனுப்பிவிட்டேன். நைனா ஜன்னலுக்கு வந்து, எல்லார் முன்னாலும், "இங்க உன் மனுஷங்க, என் மனுஷங்கன்னு யாரும் கிடையாது" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் மறந்திருப்பேன்.

அது நடந்து பத்து நாள் இருக்கும். ஏப்ரல் மாதம். பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ஒன்பதரை மணிக்கு அம்மா ஜன்னலில் வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை. சித்தூர் வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது?

"தோள்பட்டை இழுத்துகினு இருக்குதுடி. ராத்திரி வேர்க்கடலை துன்னது. வாயுதான்."

"நைனாகிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம் வேணாம். எத்தினி பேரு காத்துகினு இருக்காங்க. ஒரு பில்லை குடு, உக்காந்துக்கறேன்."

ரத்தமில்லை, வலிப்பில்லை, மூச்சுத் திணறல் இல்லை, தேளும் இல்லை. முப்பத்தேழை எடுத்துக் கொடுத்தேன். அப்போது உள்ளே பத்தாவது ஆள் போயிருந்தார். அம்மா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அடுத்த பில்லையை வாங்கிய ஒரு பெண், காய்ச்சல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நடுவில் ஒருமுறை நான் நிமிர்ந்து பார்த்தபோது என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். நான் பாட்டில்களைக் கழுவினேன், பல் வெட்டினேன். இன்றைக்கு எல்லாம் சரியாக வெட்டுகிறேனே என்று எனக்கே ஒரு பெருமை.

"முப்பத்தேழு. முப்பை ஏடு."

யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா தூங்கினு கீறாங்க" என்றாள் குழந்தைக்காரி.

நான் போய்த் தொட்டேன். கம்பவுண்டர் படிப்பில் சாவைத் தொட்டுத் தெரிந்துகொள்ளப் பாடம் கிடையாது, ஆனாலும் தெரிந்தது. நைனா என்று கூப்பிட்டேனா இல்லையா, தெரியவில்லை. அவர் வந்து தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். நாடி பார்த்தார். இமையை விலக்கிப் பார்த்தார். "கிரேஸ்" என்று ஒரே ஒருமுறை சொன்னார். பிறகு அவள் விரல்களைப் பிரித்துப் பில்லையை எடுத்தார். உள்ளங்கையில் தகரத்தின் வட்டம் பதிந்திருந்தது.

"எப்ப வந்தா?" என்று கேட்டார்.

"இப்பதான், நைனா. இப்பதான் வந்து உக்காந்தாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்காகவா, அவருக்காகவா? இத்தனை வருடமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. சொன்ன பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். நான் கடைசியாகக் கொடுத்திருந்தது அறுபத்திநாலு. இப்போது வந்தவளிடம் முப்பத்தேழு எப்படி இருக்கும்? அவர் பில்லையைத் திருப்பினார், குத்திய எண்ணைக் கட்டைவிரலால் தடவினார்.

"அப்படியா" என்றார். பில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அம்மாவைத் தூக்கி உள்ளே பரிசோதனை மேஜையில் படுக்கவைத்தோம். ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து, சத்தமில்லாமல் பில்லைகளை என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். நைனா கொட்டகைக்கு வந்து, "முப்பத்தெட்டு யாரு?" என்றார். குழந்தைக்காரி அழுதுகொண்டே வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினாள். அவரே போய், அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, குழந்தையின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். சீட்டு எழுதி என்னிடம் நீட்டினார். மிக்சர் கலந்தேன். ஆறு பல். சரியாக ஆறு.

எனக்கு அழுகை வரவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சபையில் பேசிக்கொண்டார்கள். கல் எல்லாம் இல்லை, மரத்துப்போயிருந்தது. நைனாவும் அழவில்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியைத் திறந்தோம். ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து இருவரும் சாப்பிட்டோம். பேப்பரை மனதுக்குள்ளேயே வாசித்தார்.

அதன்பிறகு பதினோரு வருடம் அவரோடு வேலை பார்த்தேன். முப்பத்தேழாம் பில்லை திரும்பி வரவில்லை. புதிதாக ஒன்று வெட்டச் சொல்லவும் இல்லை. முப்பத்தாறு கொடுத்தபின் முப்பத்தெட்டு கொடுப்பேன். உள்ளிருந்து வரும் குரலும் அப்படியே தாண்டும். ஒரே ஒருமுறை, நோயாளி ஒருவரைத் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனபோது, பூதலப்பட்டு தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, இல்ல?" என்றார்.

"ஆமா, நைனா."

அவ்வளவுதான் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது. எண்பதுகளின் நடுவில் அவரும் போனார். எல்லாச் சட்டைப் பைகளிலும் தேடினேன். பைபிளை உதறிப் பார்த்தேன், ஸ்டெதஸ்கோப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பில்லை கிடைக்கவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பெஞ்சுகளை ஒரு டீக்கடைக்காரர் வாங்கிப் போனார். மிச்சத் தொண்ணூற்றொன்பது பில்லைகளையும் பழைய சாமான்காரன் தராசில் போட்டு நிறுத்தான். பல் வெட்டிய பட்டை என்றால் என் பேத்திக்கு என்னவென்றே தெரியாது.

திருப்பதியில் அன்று என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கும்போதுதான் சீட்டைச் சரியாகப் பார்த்தேன். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் நான் வந்த நேரமும் அச்சாகியிருந்தது. மணி, நிமிஷம், நொடி. எங்கள் தகரத்தில் எண் மட்டும்தான் இருந்தது. அதனால்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டே நைனாவால் "அப்படியா" என்று சொல்ல முடிந்தது.