நெஞ்சு என்றே சொல்லிவைத்தோம்

புத்தகத்தில் ஆணுக்கும் மார்பு உண்டு. எங்கள் செட்டிகுளத்துப் பேச்சில் கிடையாது. பொம்பளைக்கு மார்பு, ஆம்பளைக்கு நெஞ்சு. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் நாலு மாதம் ஈசிஜி எடுத்துக்கொண்டு திரிந்தேன்.

இடது காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. வெங்காயம் சேமித்து வைக்க மூங்கில் பட்டறை போடும்போது மூங்கில் இடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். காம்பு உள்ளே இழுக்க ஆரம்பித்த பிறகுதான் பெரம்பலூருக்குப் போனேன். "நெஞ்சுல கட்டியாட்டம் இருக்குங்க" என்றேன். சீட்டு எழுதிய பெண்ணின் காதில் நெஞ்சு மட்டும்தான் விழுந்தது. படுக்கவைத்து ஒயர்களை ஒட்டினார்கள். அதில் ஒன்று அந்தக் கட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. ஒட்டிய கை அதைத் தொட்டும் நிற்கவில்லை. "நார்மல்தாங்க, கேஸா இருக்கும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்து அரியலூர். அங்கே எக்கோ. என் இதயம் இருபது வயதுக்காரன் இதயம் மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். ஐம்பத்தாறு வயதில் அதைக் கேட்டுப் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். சட்டையைக் கழற்றி, "இங்க பாருங்க சார்" என்று விரல் வைத்துக் காட்ட எனக்கும்தான் வாய் வரவில்லை.

துணி துவைத்த மனைவி பனியனோடு வந்து நின்றாள். "என்னங்க இது, ரத்தமா?" மறுநாளே திருச்சிக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த பெண் டாக்டர்தான் முதன்முதலாகக் கை வைத்துப் பார்த்தார். அதற்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. மேமோகிராம் எடுக்கச் சொல்லி எழுதினார்.

அந்த அறைக்கதவில் 'பெண்களுக்கு மட்டும்'. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பெண் என் மனைவியிடம், "வாங்கம்மா, நீங்க வெளிய இருங்க சார்" என்றாள். "எனக்கில்லம்மா, இவங்களுக்கு." அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று டாக்டரிடமே கேட்கப் போய்விட்டாள். கொடுத்துவிட்டுப் போன படிவத்தில் கடைசியாக மாதவிலக்கான தேதி என்ன என்று இருந்தது. எரிச்சலில் 'இன்னும் ஆகவில்லை' என்று எழுதிவைத்தேன்.

சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். "ஆம்பளைங்களுக்கு அபூர்வமாத்தான் வரும். ஆனா வரும்" என்றார் டாக்டர். கார்த்திகையில் ஒரு பக்கத்தை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள், முடி போனது. இப்போது தினம் ஒரு மாத்திரை. அதைப் போட்டால் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது. "இப்பத் தெரியுதா, தீட்டு நிக்கிற வயசுல எங்க பாடு?" என்கிறாள் மனைவி.

ஊருக்கு என்ன சொல்வது? நெஞ்சுல ஆபரேஷன் என்றோம். பொய்யும் இல்லை. எல்லாரும் ஹார்ட் என்று எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களெல்லாம் எண்ணெய் சேர்க்காதே, கறி தின்னாதே என்று உயிரை வாங்கினார்கள். ஒருவர் பைபாஸுக்கு நரம்பு எடுத்த காலைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். திருமழபாடியில் கட்டிக்கொடுத்திருக்கும் என் அக்கா விபூதியோடு வந்து, இதயத்துக்கு நல்லது என்று பூண்டு உரித்து வைத்துவிட்டுப் போனாள்.

பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் ஒன்றையே கேட்டார். "கூடப் பொறந்த பொம்பளைங்க இருக்காங்கல்ல? இது சில குடும்பத்துல தொடர்ந்து வரும். அவங்களும் வந்து பாக்கணும். சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேங்க."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே பொய். தூக்கி வளர்த்த அக்காவிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று கூச்சம். காது கேட்காத ஆஸ்பத்திரிகள் மேல் கோபப்பட்டுக்கொண்டே இந்த வேலையை நான் செய்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை வெளியே வந்ததும் மனைவி போனைப் போட்டு என் கையில் திணித்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"அக்கா, எனக்கு வந்தது ஹார்ட் இல்லக்கா. மார்புல புத்துநோய்."

"ஆம்பளைக்கா?"

"ஆமா. நீயும் வந்து ஒரு தடவ பாத்துக்கணுமாம்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்கும் ஒரு கட்டி இருக்குடா தம்பி" என்றாள். "பொங்கலுக்கு வூடு மொழுவுறப்ப கையில தட்டுச்சு. நீயே ஹார்ட் ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருக்க. இதப் போயி உங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

அப்போது ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.