மெக்சிகோ பேருந்தில் ஒரு தறி

மெக்சிகோ பேருந்தில் உட்கார்ந்ததிலிருந்து கச்சபேசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே பழைய ஊர்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் காலோ காஞ்சிபுரத்துத் தறிக்குழியில் இருப்பதுபோல, இல்லாத மிதிகட்டையை மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தது.

“காலை வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டீங்களா? முன்சீட்டுக்காரன் திரும்பித் திரும்பி மொறைக்கிறான்,” என்று கலைவாணி கணவனைக் கடிந்துகொண்டாள்.

பாதி நெய்த சேலையின் பாவு நூலைத் தறியிலேயே விட்டுவிட்டு வரமாட்டேன் என்றுதான் அவர் அடம்பிடித்தார். “சேலை எங்கியும் ஓடிடாது, மெக்சிகோவுல இருக்கிற புள்ளையப் பாத்துட்டு வரலாம்,” என்று இழுத்து வந்தவள் அவள்தான்.

பேருந்து நின்ற பழைய மாயன் இனத்தார் கோயிலின் முன்னால் இருவரும் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, கொதிக்கிற தரையில் தத்தித் தத்தி நடந்தார்கள். சாமியும் இல்லை, விளக்கும் இல்லை.

“ஜனங்க எல்லாத்தையும் போட்டுட்டு ஊரைவிட்டே போயிட்டாங்களாம்பா,” என்றான் கூட வந்த மகன்.

“தறியில பாவு இருந்திருக்குமேடா? அதையுமா வுட்டுட்டுப் போனாங்க?” என்றார் கச்சபேசன்.

மகன் சிரித்தான். கலைவாணிக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும் பேருந்தில் மறுபடியும் அதே மிதி. அதட்ட வாயெடுத்தவள் தன் வலது கையைப் பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து அவர் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கு ராட்டினத்தில் நூல் சுற்றித் தந்த கை அது. இப்போது மடியில் வெறுங்காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது, அவர் கால் போகிற வேகத்துக்கே.

“கொஞ்சம் மெதுவா மிதிங்க,” என்றாள் எரிச்சலோடு. “இங்க இன்னும் நூலு சுத்தி முடியல.”