மலர் அக்காவும் கடலுக்குள்ள ஒரு கிடங்கும்

ஒரு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு ஆழத்துக்கு இறங்கச் சொல்லிக் குடுக்கிறது என்ர தொழில். சிலிண்டர் இல்லை, குழாய் இல்லை. எங்கட சனத்துக்குக் கார் ஓட்டவோ கணக்கோ படிப்பிச்ச ஆக்களுக்கு என்ர பாடு சொல்லாமலே விளங்கும்.

வெறும் வயிறு

கனடாவில, ஸ்காபரோவில ஒரு நீச்சல் பூலில சனிக்கிழமை காலமை வகுப்பு. மலர் அக்கா அஜின்கோர்ட்டில இருந்து வருவா. ஐம்பத்திரண்டு வயது, முதியோர் இல்லத்தில வேலை. கூடவே அவவின்ர மனுசன் குமார் அண்ணையும் வருவார், நீந்த இல்லை, பாத்துக்கொண்டிருக்க. வயிறு நிரம்பினால் மூச்சுக்கு இடமிராது, வகுப்புக்கு முதல் நாலு மணித்தியாலம் ஒண்டும் சாப்பிடாதேங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். அக்கா பாவம், கேட்டு நடந்தா. அண்டைக்கு முகத்தைத் தண்ணிக்குள்ள வைச்சு ஒண்டரை நிமிசம் தாண்டினா. பிறகு தலையைத் தூக்கினதுதான் தாமதம், குமார் அண்ணை ஓடி வந்து மீன் ரோல்ஸை நீட்டினார். எனக்கு விசர் வந்துட்டுது. அவர் அசையேல்லை.

“மூச்சும் இல்லை, சாப்பாடும் இல்லையெண்டால் மனிசி என்னத்தில தம்பி உயிரோட இருக்கிறது?”

அஞ்சாவது எட்டு

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. பஹாமாஸில கடலுக்குள்ள இருக்கிற நீலக் கிடங்கு எண்ட பெருங்குழியில இருபது மீற்றர் இறங்கி, கயிற்றின்ர நுனியில தொங்கிற தட்டைத் தொடவேணும். ஒன்ராறியோ வாவி பக்கத்தில கிடக்க, கிடங்கு பாக்கப் பிளேன் ஏறவேணுமோ எண்டு குமார் அண்ணை முணுமுணுத்தார். நான் விளங்கப்படுத்தினன்: கரையிலயிருந்து நாலு எட்டு வைச்சால் இடுப்பளவு தண்ணி, அஞ்சாவது எட்டில அடியே இல்லை. சுத்திவரப் பாறை எண்டதால அலையும் இல்லை, இழுவையும் இல்லை. படகு பிடிச்சு நடுக்கடலுக்குப் போகாமலே அவ்வளவு ஆழம் கிடைக்கும். அதுதான் மூச்சுப் பிடிக்கிற ஆக்கள் எல்லாம் அங்க விழுந்தடிச்சு ஓடுகினம். அவர் மனிசியின்ர பக்கம் திரும்பி, உனக்கு அங்க என்ன கிடக்குது எண்டு கேட்டார்.

“ஒரு நிமிசம் என்னை ஆரும் கூப்பிட ஏலாது, அதுதான்.”

கடைசி மூச்சு

நாங்கள் மூண்டுபேரும் பஹாமாஸுக்குப் போய் முதல் மூண்டு நாளும் அக்கா பதினைஞ்சு மீற்றரோட திரும்பித் திரும்பி வந்தா. நாலாம் நாள் பின்னேரம் திரும்பிற பிளேன். காலமை எனக்குப் பெரிய கவலை. கயிற்றையே பாத்துக்கொண்டு நிண்ட நான் அண்டைக்குத்தான் அவவின்ர முகத்தைப் பாத்தன். நெஞ்சு நிறையக் கடைசி மூச்சை இழுத்துப்போட்டு, கரைப்பக்கம் நிக்கிற மனுசனுக்கு “போட்டு வாறன்” எண்டு சொல்லிப்போட்டுத்தான் இறங்கிறா. இழுத்த மூச்சில பாதி அதோட போட்டுது. சொல்லாமல் போங்கோ எண்டன். அடியில்லாத கிடங்குக்குச் சொல்லாமல் போறதோ எண்டு என்னை முறைச்சா. சரி, மூச்சு எடுக்க முன்னமாவது சொல்லுங்கோ எண்டு கெஞ்சினன்.

முன்னமே சொன்னா. ஆனால் அவர் “போட்டு வா” எண்டு பதில் சொல்லாட்டி வெளிக்கிடமாட்டா. குமார் அண்ணை இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டு கண்ணைத் துடைச்சார். ஒருமாதிரிச் சொல்லி முடிச்சார். அக்கா மூச்செடுத்துத் தலைகீழா இறங்கினா, நானும் பக்கத்திலயே போனன். தட்டைத் தொட்டா. ஆறுதலா மேல வந்து, சுகம் எண்டு எனக்குக் கையால காட்டினா. சந்தோசத்தில என்ர கண்ணும் கலங்கிட்டுது. குமார் அண்ணை குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டு நிண்டார். அக்கா முகமூடியைக் கழட்டிப்போட்டு அவரைப் பாத்தா.

“ஏன் அழுகிறியள்? போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனான்.”

மொத்தத்தில இந்தத் தொழிலில தண்ணிக்குள்ள போறவையைக் காப்பாத்திறது லேசு, கரையில நிக்கிறவையைத்தான் கவனமாப் பாத்துக்கொள்ளவேணும்.