கரும்புள்ளி நடுவுக்கு வந்த நாள்

சூரியனில் பெரிய கரும்புள்ளி வந்தால் அது கக்குவது பூமிவரை வந்து ரேடியோவை ஊமையாக்கும் என்று பத்திரிகையில் படித்ததிலிருந்து, திருத்தணி கஜபதி பயிரை மறந்தார். கிரகணம் பார்ப்பதுபோல, தாம்பாளத்தில் சாணித் தண்ணீர் ஊற்றித் தினமும் சூரியனைப் பார்த்தார்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், சூரியனின் ஓரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. "நாளைக்கு என் ரேடியோ பேசாது" என்று தெருவையே கூட்டினார். மறுநாள் அது கணீரென்று பாடியது. மனைவியின் தம்பி பங்காரு, கச்சேரி முடியும்வரை அவரை எழுந்திருக்க விடவில்லை.

ஒருநாள் பஸ் ஜன்னலிலிருந்து ஒருவன் வெற்றிலைச் சாறு துப்பினான். தள்ளி நின்ற பங்காரு தப்பித்தான். நேர் எதிரே நின்ற கஜபதியின் சட்டை சிவந்தது. துப்பியவனைத் திட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஓரத்துல இருந்துகினு கக்கினா நம்ம மேல எப்பிடிடா விழும்? நமக்கு நேரா வந்து கக்கணும்" என்றார்.

ஆடியில் அதைவிடப் பெரிய புள்ளி வந்தது. அது ஓரத்தில் இருந்தவரை கஜபதி வாயைத் திறக்கவில்லை. நடுவுக்கு வந்த மறுநாள்தான் தெருவைக் கூட்டினார்.

லண்டன் செய்தி நேரம். ரேடியோவில் வெறும் இரைச்சல். பங்காரு குமிழைத் திருகினான், பெட்டியைத் தட்டினான். இரைச்சல்தான் வந்தது. தெருவே கைதட்டியது.

"மூடிடலாமா, பாவா?" என்றான் பங்காரு.

கஜபதி காலை நீட்டி உட்கார்ந்தார்.

"உக்காருடா. முடியற வரைக்கும் கேட்டுட்டுத்தான் போவணும்."